சமையலறைக் கப்போர்டில் எல்இடி பட்டை ஒட்டும்போது வயரை எப்படி மறைப்பது?

மேல் கப்போர்டுகளுக்கு அடியில் எல்இடி பட்டை ஒட்டப்போவதாகவும், வயர் வெளியே தெரியாமலிருக்க வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். டைல்ஸ் பதித்து முடித்த பிறகு இந்த வேலையில் இறங்கியவன் என்பதால், நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையல் மேடை, பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். கப்போர்டின் அடிப்பலகையில் பின்மூலையில் துளையிட்டு, அங்கிருந்து முன்விளிம்பு வரை வயரைக் கிளிப் அடித்துக் கொண்டுவந்து பட்டையை ஒட்டினேன். நின்று பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. மாலையில் விளக்கைப் போட்டதும் வயர், நான்கு கிளிப்புகள், பட்டையின் ஒவ்வொரு புள்ளி வெளிச்சம் என எல்லாம் கல்லில் அப்படியே தெரிந்தன. போதாக்குறைக்கு, தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "மேல என்னடா அது, பல்லியா?" என்றார்.

மறுநாளே எல்லாவற்றையும் பிரித்தேன். இம்முறை வயரைக் கப்போர்டுக்கு உள்ளேயே, பக்கப்பலகையும் அடிப்பலகையும் சேரும் மூலை வழியாக முன்பக்கம் கொண்டுவந்து, பலகையின் நிறத்திலேயே கிடைக்கும் எல் வடிவப் பிவிசி பட்டையால் மூடினேன். முன்விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே, அலுமினியப் புரொஃபைலின் (எல்இடி பட்டையை உள்ளே ஒட்டி மூடி போடும் நீளமான சட்டம்) முனை வரும் இடத்துக்கு நேர் மேலே 8 மி.மீ. துளையிட்டு வயரை இறக்கினால், புரொஃபைலே துளையை மூடிவிடும். அடியில் ஓர் அங்குல வயர்கூட வெளியே வராது. புரொஃபைலின் பால்நிற மூடி புள்ளி புள்ளியான பிரதிபலிப்பையும் தணித்துவிடுகிறது. பளபளப்பான கல் உள்ளவர்கள் இந்தச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் டிரைவரைக் கப்போர்டின் தலைமேல் வைத்து, சிம்னிக்கென்று ஏற்கெனவே உயரத்தில் இருந்த பிளக் பாயிண்டிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்துக்கொண்டதால், டைல்ஸை உடைத்துக் காடி எடுக்கும் வேலையே வரவில்லை. மறைக்கிறேன் என்று டிரைவரைப் பலகை வைத்து அடைத்துவிடாதீர்கள். அது சூடாகும் பொருள், பழுதானால் கைக்கு எட்டவும் வேண்டும். மீட்டருக்கு 9.6 வாட் எடுக்கும் பட்டை 3 மீட்டர் என்றால் மொத்தம் 28.8 வாட், டிரைவரின் திறனில் 80 சதவீதத்துக்குமேல் சுமை ஏற்றாமலிருக்க 36 வாட் டிரைவர் தேவை. ஒரு பட்டையின் கடைசியிலிருந்து அடுத்ததற்கு வயர் இழுத்துக்கொண்டே போனால் 12 வோல்ட்டில் கடைசிப் பட்டை மங்கும் என்பதால், ஒவ்வொரு கப்போர்டுக்கும் மேலிருந்து தனித்தனியாக வயர் இறக்குவது நல்லது.

இணைப்புகளைக் கிளிப் கனெக்டரில் விடாமல் சோல்டர் செய்து (ஈயம் வைத்துப் பற்றவைத்து), மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் சுருங்கு குழாய் போடுங்கள். தாளிப்புப் புகையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் இடத்தில் கிளிப்பின் பிடி சீக்கிரம் தளர்ந்துவிடும். மேலே டிரைவர் அருகே அரையடி வயரைச் சுருட்டி விட்டு, இரண்டு நாள் விளக்கை எரியவிட்டுப் பார்த்த பிறகே எல் பட்டையை ஒட்டுங்கள். அவசரப்பட்டு ஒட்டிவிட்டு ஒன்றைப் பிய்த்து எடுத்தபோது, பலகையின் மைக்காவும் ஒரு சில்லு கூடவே வந்துவிட்டது.