ராம்ப் முதல் பாமினி எழுத்துரு வரை: ஒரு சிறப்பாசிரியரின் கேள்வி-பதில்

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனால் போதும், என் போன் ஓயாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படிப்பு பற்றி டெல்டா பக்கத்துப் பெற்றோரும் மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவற்றில் ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன்.

சக்கர நாற்காலியில் இருக்கும் என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு மாடியில். "ரெண்டு பசங்க தூக்கிட்டுப் போவாங்க" என்கிறார் தலைமையாசிரியர். மாடிக்கு ராம்ப் (சாய்தளப் பாதை) கட்டச் சொல்லலாமா? (மன்னார்குடி அருகிலிருந்து ஒரு அப்பா)

மாடிக்கு ராம்ப் கேட்காதீர்கள் ஐயா, வகுப்பைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை அது. இரண்டு வகுப்புகள் அறை மாறினால் முடிந்தது. பதினாலு வயதுப் பெண்ணைப் பையன்கள் தூக்கிப் போவது உதவியில் சேராது. அவசரம் என்று வந்தால் யார் தூக்குவார்கள்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளித் தீயில் போனார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகளே வெளியே வர முடியாமல் போன ஊர்ப்பக்கம் இது.

ராம்ப் தரைத்தளத்துக்குத்தான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கட்டும் என்று நம் பக்கம் பள்ளிகளை உயர்த்திக் கட்டுவார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. அப்படியென்றால் மூன்றடி உயரத்துக்கு 36 அடி. நான் பார்த்த ஒரு பள்ளியில் அதே மூன்றடிக்கு எட்டடியில் முடித்திருந்தார்கள். அதை சறுக்குமரம் என்றுதான் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் ராத்திரியில் பைக்கை வராண்டாவில் ஏற்ற மட்டும் பயன்பட்டது. இடம் போதாவிட்டால் நடுவில் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் கூடவே கூடாது, முதல் மழைக்கே வழுக்கும்.

அப்புறம், கழிப்பறைக் கதவை டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்றடி அகலம் இருந்தால் நாற்காலி தாராளமாக நுழையும். கழிப்பறைக்குப் பயந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மகன் எட்டாவது. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், எழுதினால் 'கொடி' 'கெடி' ஆகிவிடும். சோம்பேறி என்கிறார்கள். (பாபநாசம், ஒரு அம்மா)

சோம்பேறியாக இருந்தால் வாயாலும் சொல்ல மாட்டானே அம்மா!

'கொ' எழுதுவதை மெதுவாகக் கவனியுங்கள். காதில் முதலில் விழுவது 'க்', கை முதலில் போடுவது கொம்பு. பிறகு க, பிறகு கால். ஒரே ஓசை எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் கால் தொலையும். ல-ள-ழ குழப்பம் எல்லோருக்கும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். போர்டைப் பார்த்து எழுதும்போதும் தப்பு வருகிறதா, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறானா என்று பாருங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைப் பாருங்கள். அவர் வழியாக அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்றிதழ் வாங்கலாம். அது இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்கள் கையில் இருக்கட்டும்.

கூடுதல் நேரம் கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா? (ஒரு ஆசிரியர்)

சார், நீங்களும் விவசாயக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைமடையில் வாய்க்கால் திறந்த அன்றே வயல் நனையும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பத்து நாள் ஆனாலும் ஆகும். எல்லோருக்கும் ஒரு நாள் மட்டும்தான் மதகைத் திறந்து வைப்போம் என்றால் வேதாரண்யம் பக்கம் சும்மா விடுவார்களா? கூடுதல் நேரமும் அப்படித்தான். கேள்வித்தாள் அதேதான், திருத்துவதும் அதே அளவுகோல்தான்.

டவுன் சின்ட்ரோம் உள்ள மகனுக்கு "சிறப்புப் பள்ளிதான் சரி" என்று சொல்லி அட்மிஷன் தர மறுக்கிறார்கள். (திருவாரூர்)

எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் பக்கம்தான். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது மேலே சொன்ன 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. பாகுபாடு இல்லாமல் சேர்க்கும் கடமை அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் உண்டு. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, மறுப்பதானால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதி இடங்களில் அந்த ஒரு வரிக்கே குரல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கு மேல் மாநில ஆணையர்.

சிறப்புப் பள்ளியைக் குறைத்துச் சொல்லவில்லை. பார்வையில்லாத குழந்தைக்கு ஆரம்பத்தில் பிரெய்ல் கைவர அதுவே நல்ல இடமாக இருக்கலாம். எங்கே என்று பெற்றோர் யோசிக்கட்டும், வாசலில் நிற்கிறவர் முடிவு செய்ய வேண்டாம்.

நான் பார்வையற்ற பி.ஏ. தமிழ் மாணவன். துறையில் தரும் நோட்ஸை என்விடிஏ (கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வாசித்தால் ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. (தஞ்சாவூர்)

தம்பி, கோளாறு என்விடிஏவில் இல்லை. நோட்ஸைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது கணினிக்கு உள்ளே 'mk;kh'. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நண்பர் ஒருவரை ஒருமுறை உட்காரவைத்து மாற்றச் சொல்லிவிட்டு, துறைத் தலைவருக்கு மனு எழுதுங்கள்: இனி நோட்ஸ் யூனிகோடில் வேண்டும். போனில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பவும் கூடாது, படத்துக்கு முன்னால் என்விடிஏ ஊமையாகிவிடும்.

மழைக்காலத்தில் மகளின் காதொலிக் கருவி அடிக்கடி நின்றுபோகிறது. (நாகப்பட்டினம்)

கடற்கரை ஈரமும் வியர்வையும்தான் காரணமாக இருக்கும். ராத்திரி கழற்றியதும் மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். வெயிலில் காயப் போடுவது, ஹேர் டிரையர் பிடிப்பது இரண்டும் ஆகாது. அரிசி டப்பாவில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அரிசித் தூசி மைக் துளையை அடைத்துவிடும்.