மழை விட்ட காலையில் வேட்டை நாயோடு: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த சேலத்துக் கரடுகளில் இந்த இரண்டு மாதத்தில் புல் முழங்கால் உயரம் எழுந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் புல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைப் பற்றியவைதான். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய நம் நாட்டு வேட்டை நாய்களை வளர்ப்போரின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஆண் சிப்பிப்பாறைக்கு 11 மாதம். தினமும் மூக்கனேரி பக்கம் நடத்திக் கூட்டிப் போகிறோம். "வேட்டை நாய்க்கு நடை எந்த மூலைக்கு? பைக்கில் கட்டி ஓட்டுங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எவ்வளவு தூரம் போகலாம், சாப்பாடு எப்போது வைக்கலாம்? கழுத்து பெல்ட்டும் அடிக்கடி தலை வழியாகக் கழன்றுவிடுகிறது. (கன்னங்குறிச்சி வாசகி)

பைக் வேண்டவே வேண்டாம். நீளக் கால் நாய்களுக்கு எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சிக் குருத்து இறுக ஒன்றேகால் வயதாவது ஆகும். அதற்குமுன் தார் ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டினால் அந்த அதிர்ச்சி முழுவதும் குருத்தில்தான் இறங்கும். முன்னங்கால் வளைந்து போன பல நாய்களின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. வளர்ந்த நாய்க்கும் பைக் ஆகாது. மூச்சு வாங்கினால் நிற்க முடியாது, பாதம் தேய்ந்தாலும் சொல்லத் தெரியாது.

சிப்பிப்பாறை கொஞ்ச தூரத்தை முழு வேகத்தில் ஓடி முடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் சாதி. இப்போதைக்குக் காலை 30 நிமிடம், மாலை 30 நிமிடம் நடை போதும். மாதத்துக்கு நாலு நிமிடம்போலக் கூட்டி, ஒன்றேகால் வயதில் 45 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். சுற்றுச்சுவரோ நல்ல வேலியோ உள்ள இடம் கிடைத்தால், வாரம் இருமுறை ஐந்தைந்து நிமிடம் அவிழ்த்துவிடுங்கள். வேட்டை நாய்க்கு அதுதான் திருவிழா.

காலை 6 மணிக்குக் கிளம்புவது நல்லது. மழை பெய்து ஓய்ந்த பகலில் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு விட்டுத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. ஈரக் காற்றில் அது சரியாக நடக்காது. புறங்கையை ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதீர்கள்.

சாப்பாடு நடைக்குப் பிறகுதான், அதுவும் ஒரு மணி நேரம் கழித்து. சாப்பிட்ட நாயை இரண்டு, மூன்று மணி நேரம் ஓடவிடாதீர்கள். ஆழமான மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மேளம் போல ஆகி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், எச்சில் ஒழுக அலைந்தால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கஷாயம் வைத்துப் பார்க்க நேரம் கிடையாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

பெல்ட் கழன்றால் அதில் குறை இல்லை. இந்த நாய்களுக்குத் தலை ஒல்லி, கழுத்தும் ஏறத்தாழ அதே சுற்றளவு. பின்வாங்கி ஒரு உதறு உதறினால் போதும். மார்ட்டிங்கேல் என்று கேட்டு வாங்குங்கள். பெரிய வளையத்தோடு சின்ன வளையம் ஒன்று கோத்திருக்கும். இழுத்தால் கொஞ்சம் இறுகும், விட்டால் தளரும். நாலு செ.மீ. அகலம் இருந்தால் கழுத்தை அறுக்காது. முழுதாக இறுகிய நிலையில், பெரிய வளையத்தின் இரு முனையிலும் உள்ள இரும்பு வளையங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் அளவு பெரிது, நாய் அதிலிருந்தும் நழுவும். வீட்டில் சும்மா இருக்கும்போது கழற்றிவிடுங்கள்; எதிலாவது மாட்டினால் இறுகும்.

கேள்வி: ஓமலூர் பக்கம் எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கன்னி நாயை அவிழ்த்துவிட்டுத்தான் நடப்பேன். முயலைக் கண்டால் கூப்பிட்டாலும் வருவதில்லை. எப்படிப் பழக்குவது? முயல் பிடித்தால் தப்பா என்ன?

இரண்டாவது கேள்விக்கு முதலில். தப்புதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று சொல்வதில் கொல்வது மட்டும் இல்லை. விரட்டுவது, பிடிப்பது, அதற்கு முயல்வதும் சேர்த்தி. நம் காட்டு முயலும் அதன் பாதுகாப்பில் இருக்கிறது. "நான் ஏவவில்லை, நாயாகத்தான் ஓடியது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள்.

பழக்குவதைப் பற்றி. இது கண்ணால் வேட்டையாடும் நாய். ஓட்டம் எடுத்த பிறகு அதன் காதில் எதுவும் ஏறாது. பிடிவாதம் என்று அடிப்பது வீண். கூப்பிட ஒரே ஒரு நொடி உண்டு. அதைக் கவனித்துப் பழகுங்கள்: மடங்கிக் கிடந்த காது நிமிரும், வால் ஆட்டம் நிற்கும், கழுத்து நீளும், முன்னங்கால் ஒன்று தரையை விட்டு லேசாக எழும். அந்தக் கால் கீழே வருவதற்குள் கூப்பிட்டால் திரும்பும்.

பத்து மீட்டர் பருத்திக் கயிற்றை மார்புப் பட்டையில் கட்டிப் பழக்குங்கள். கழுத்து பெல்ட்டில் நீளக் கயிறு கட்டவே கூடாது. சில பாய்ச்சலிலேயே முழு வேகம் பிடிக்கும் நாய் கயிற்றின் முனையில் சுண்டி நின்றால் கழுத்தெலும்பு போகும். கயிற்றை உங்கள் கையிலும் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போகும். வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவு நறுக்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு. இரண்டு மாதம் விடாமல் செய்தால் சுமாராகப் படியும். சுமாராகத்தான். முயல் குறுக்கே ஓடினால் எந்தக் கன்னியையும் நம்ப முடியாது. அதனால் திறந்த வெளியில் ஆறடிக் கயிறு கையில் இருப்பதே எங்கள் கட்சி.

முயலுக்காக மட்டும் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் உங்கள் பக்கம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாதம் அவற்றின் விளிம்பைப் புல் மூடியிருக்கும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி, திருட்டு மின்வேலி, தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய் எல்லாம் வரப்போரங்களில்தான் இருக்கின்றன. கீழே கிடப்பதை வாயில் எடுக்கும் நாய்க்குக் கூடை வடிவ வாய்ப்பூட்டு போடுங்கள். அதற்குள் வாய் திறந்து மூச்சு விடலாம், தண்ணீரும் குடிக்கலாம். சின்ன கட்டிங் பிளேயர் ஒன்று பையில் இருக்கட்டும். சுருக்கில் மாட்டிய நாய் இழுக்க இழுக்க இறுகும், வலியில் உங்களையே கடிக்கும். தலையில் துண்டைப் போட்டு, நாயைக் கம்பி கட்டிய முளையை நோக்கித் தள்ளி, தொய்வு கிடைத்ததும் கம்பியை வெட்டுங்கள். வேலி அருகே நாய் விறைத்து விழுந்து கிடந்தால் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கிட்டப் போக வேண்டும்.

கேள்வி: ஏற்காடு நாகலூர் அருகே காப்பித் தோட்டத்தில் வேலை. ராஜபாளையம் வளர்க்கிறோம். தினமும் தோட்டத்துக்குள்தான் நடை. உண்ணி, அட்டை இரண்டும் தொல்லை. காப்பிப் பழத்தையும் தின்கிறது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையே அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். மாட்டு மருந்து கெட்டியானது. வேட்டை நாய்க்குத் தோல் மெல்லிசு, கொழுப்பு குறைவு, போதாததற்கு நக்கும். கண்ணளவில் கலக்கி ஊற்றி, நடுக்கமும் எச்சிலுமாக மருத்துவரிடம் வரும் நாய்கள் உண்டு. நாயின் எடையைச் சொல்லி, தோள்பட்டைகளுக்கு நடுவே விடும் சொட்டு மருந்தோ மெல்லும் மாத்திரையோ வாங்குங்கள். சொட்டு மருந்தை மயிர்மேல் விட்டால் பயனில்லை. மயிரை வகிர்ந்து தோலில் விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மாத்திரைகளில் மாதம் ஒன்று போடுவது உண்டு, 12 வாரத்துக்கு ஒன்று போடுவதும் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து போட்டாலும் தினமும் கையால் தடவிப் பார்ப்பது நிற்கக் கூடாது. காது மடல் உள்பக்கம், விரலிடுக்கு, அக்குள், வாலடி, பெல்ட்டுக்குக் கீழே. உண்ணியை முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்; சூடு பட்ட உண்ணி வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள்ளேயே கக்கும். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், டிகாஷன் நிறத்தில் சிறுநீர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சல் பொறுத்திருக்காது.

அட்டையைப் பிய்த்து இழுக்காமல், ஒல்லியான முனைப் பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையாமல் வடியும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஓடைத் தண்ணீர் குடித்த நாய் சில நாள் கழித்து ஓயாமல் தும்மி, ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் வந்தால், மூக்குக்குள் அட்டை ஏறியிருக்கலாம். நீங்களே குடைய வேண்டாம். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும், அதற்கான தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை.

பழத்துக்கு வருவோம். செடியடியில் உதிர்ந்த நாலைந்தைத் தின்றால் ஒன்றும் ஆகாது. விழுங்கிய கொட்டை பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். 20 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் காஃபின் போனால்தான் தொல்லை தெரியும்; அரபிகா பழத்தைக் கொட்டையோடு கடித்து மென்றால் அதற்குச் சுமார் நூறு பழம் வேண்டும். ஆக, பயப்பட வேண்டியது செடியைப் பார்த்து இல்லை. பறித்துக் குவித்த களமும், பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் பக்கத்தில் புளித்துக் கிடக்கும் தோல் குவியலும்தான் ஆபத்து. அறுவடை முடியும்வரை அந்தப் பக்கம் கயிறு இல்லாமல் விடாதீர்கள். தின்ற ஓரிரு மணி நேரத்தில் நிலைகொள்ளாமல் அலைந்து, இரைத்து, நடுங்கினால் உடனே மருத்துவரிடம் போங்கள். இலையில் நீலம் பாய்ந்திருந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்தான போர்டோ கலவை அடித்திருக்கிறார்கள். காயும்வரை அந்தப் பாத்தியைத் தவிர்த்து, வீடு வந்ததும் பாதத்தைக் கழுவுங்கள்.

மூடுபனி விலகாமல் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். காட்டெருமையைப் பார்த்துக் குரைத்த நாய் பயந்து ஓடிவருவது உங்களிடம்தான், எருமையைப் பின்னாலேயே கூட்டிக்கொண்டு. இன்னொன்று: காப்பிச் செடியிலும் மிளகுக் கொடியிலும் பச்சை நிறக் குழிவிரியன் இருக்கும், நாயின் மூக்கு உயரத்திலேயே. நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமானது. குழிவிரியனுக்கு அது ஆகாது. எது கடித்தாலும் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பின் நிறத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மார்கழிக் குளிருக்குச் சிப்பிப்பாறைக்குக் கோட்டு வேண்டுமா? (ஏற்காடு)

நடக்கும்போது வேண்டாம், நனைந்துவிட்டால் மட்டும் உடனே துவட்டுங்கள். குளிர் ஏறுவது படுக்கும்போதுதான். சிமெண்டுத் தரையில் விடாமல், சின்னக் கட்டிலில் மடித்த சாக்கு போட்டுப் படுக்க வையுங்கள்.

கேள்வி: வாழப்பாடி. நடைக்குப் போய் வந்தபின் கன்னி நொண்டுகிறது. பாதத்தில் முள் எதுவும் தெரியவில்லை. நேற்றிலிருந்து தலையையும் ஒரு பக்கமாகச் சாய்த்து உதறுகிறது.

ஊசிப்புல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். புல் முற்றி விதை உதிரும் பருவம் இது. அந்த விதையின் கூர் நுனியில் பின்னோக்கிய சுணை இருக்கும். நாய் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது முன்னே போகுமே தவிரப் பின்னே வராது. பாதத்தில் நுழைந்தது கணுக்கால் வரை ஏறிச் சீழ் கட்டுவதும் உண்டு.

நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனையுங்கள். மயிர் ஒட்டிக்கொண்டால்தான் தோல் தெரியும். கட்டை விரலால் நடுத் திண்டை மேலே தள்ளினால் விரல்கள் தாமாக விரியும். ஒவ்வொரு இடுக்கிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். விதையின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முள்வாங்கியால், போன வழியிலேயே இழுத்துவிடலாம். வால் தெரியாமல் குண்டூசித் தலை அளவு சிவந்த துளையும் அதைச் சுற்றி ஈரமும் மட்டும் இருந்தால், விதை உள்ளே போய்விட்டது. பிதுக்கினால் இன்னும் உள்ளே போகும். மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அதுவரை அரை லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்து ஐந்து நிமிடம் முக்கி எடுத்து, விரலிடுக்கை நன்றாகத் துடையுங்கள். ஈரத்தோடு விட்டால் அங்கே புண் வரும்.

காதில் எண்ணெய் விடாதீர்கள், பட்ஸும் வேண்டாம். திடீரென்று ஒரே பக்கம் மட்டும் தலையைச் சாய்த்து உதறினால் உள்ளே ஏதோ போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிப்பறையைக் குத்துவதற்குள் எடுத்துவிட வேண்டும். இன்றே போங்கள்.

நெருஞ்சி என்றால் நாய் நடு ரோட்டில் நின்று காலைத் தூக்கிக் காட்டும், பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. சீமைக்கருவேல முள் அப்படி இல்லை. நுனி உள்ளே முறிந்துபோய், இரண்டு நாள் கழித்துத்தான் பாதம் வீங்கும்.

கேள்வி: எங்கள் ஐந்து மாத வெள்ளை ராஜபாளையம் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. திமிரா? (அயோத்தியாப்பட்டணம்)

காது கேட்காமல் இருக்கலாம். முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி பார்ப்பதுதான். தூங்கும்போது நாலடி பின்னால் நின்று சாவிக் கொத்தைக் குலுக்குங்கள். தரையில் தட்டாதீர்கள், அதிர்வை வைத்து எழுந்துகொள்ளும். இரண்டு, மூன்று நாள் சோதித்தும் காது மடல்கூட அசையவில்லை என்றால் மருத்துவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். செவிட்டு நாய் நன்றாகவே வாழும். வெளியே எப்போதும் கயிறு வேண்டும், அவ்வளவுதான். உள்ளங்கையை விரித்தால் உட்கார், நெஞ்சில் தட்டினால் வா என்று கையசைவில் பழக்கலாம். விடியலில் நடக்கும்போது அதன் கண்முன் தரையில் டார்ச் வெளிச்சத்தை இருமுறை அடித்து, திரும்பிப் பார்த்ததும் ஈரல் துண்டு கொடுங்கள்.