சிரப்பை எதில் கலக்குகிறீர்கள், அம்மணி?

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. இதயம் பலவீனம், கால் வீக்கம். ஃபுரோசமைடு, ராமிப்ரில் மாத்திரைகள் சாப்பிடுகிறார். பொட்டாசியம் குறைந்ததால் காலை, இரவு 15 மில்லி சிரப்பும் எழுதியிருக்கிறார்கள். வாய்க்கு ஆகவில்லை என்பதால் எளநியில் கலந்து தருகிறேன். எங்கள் தோப்பிலிருந்து வீட்டுக்காரர் தினம் இரண்டு வெட்டி வைத்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூட்டிப் போவார். என் கவலை காபிதான். ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் குடிக்கிறார். கொஞ்ச நாளாகக் கால் தளர்கிறது, படபடப்பும் இருக்கிறது. காபியை எப்படி நிறுத்துவது?
- ஒரு மருமகள், பொள்ளாச்சி

பதில்: காபியை அப்புறம் பார்க்கலாம், அம்மணி. எளநியில் கலந்து தருகிறேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது.

வழக்கமான பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் 15 மில்லிக்குக் கிட்டத்தட்ட 780 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். 300 மில்லி தண்ணீர் உள்ள ஒரு எளநியிலேயே 600, 700 மில்லிகிராம் வந்துவிடும். டாக்டர் எழுதியது இரண்டு வேளை. உங்கள் வீட்டில் போவது ஏறக்குறைய நாலு வேளை. ஃபுரோசமைடு பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளும், அதை ஈடுகட்டத்தான் சிரப். ராமிப்ரிலோ அதை உடம்பில் தேக்கும். 71 வயதில் சிறுநீரகமும் பழையபடி கழிக்காது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பொட்டாசியம் குறைந்தாலும் கால் தளரும், ஏறினாலும் தளரும். எது என்று ரத்தம் பார்க்காமல் தெரியாது.

உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்கிறேன். பெற்றவளுக்கு எளநி வெட்டி வைப்பது பாசம்தான். ஆனால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது வண்டி ஓட்டுகிற வேலை இல்லை. மருந்து எப்படி உள்ளே போகிறது என்று தெரியாதவர் டாக்டரிடம் என்ன சொல்வார்? மருந்தை ஊற்றிக் கொடுக்கிற நீங்கள் ஏன் ஒரு தடவைகூடப் போகவில்லை? மருமகள் அடுப்படியோடு நிற்க வேண்டும் என்ற பழக்கத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

எளநியை இன்றே நிறுத்துங்கள். அடுத்த வேளை சிரப் கொடுக்கலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கொடுக்கச் சொன்னால், சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர் வெறும் தண்ணீரில் கலந்து, மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். சோடியம் குறைந்த உப்பு வாங்கி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்; அதில் சேர்ப்பதும் பொட்டாசியம் குளோரைடுதான். நாளைக் காலையே மூன்று பேரும் போய்ப் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஈசிஜி பாருங்கள். மயக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ படபடப்பு கூடினாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

காபியை இரண்டு டம்ளராகக் குறைத்தால் நல்லது. காஃபின் படபடப்பைக் கூட்டும்; அந்தப் பழியைக் காபி மேலேயே போட்டுக்கொண்டிருந்தால் பொட்டாசியம் ஏறியிருந்தாலும் கண்ணில் படாமல் போகும். வெறும் வயிற்றில் சிரப்பும் காபியும் சேர்ந்தால் வயிறு எரியும்.

எளநி எங்கே என்று அத்தை கேட்டால், நிறுத்தச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுங்கள்.