புதிய மரபணுவைத் தேடுமுன் சாற்றைச் சோதியுங்கள்

கேள்வி: எத்தனால் உண்டாக்கும் மரபணுக்களைச் சேர்த்த ஈ.கோலி பாக்டீரியா தூய சர்க்கரையில் நன்றாக நொதிக்கிறது. ஆனால் நீர்த்த அமிலத்தில் வேகவைத்த தாவரச் சக்கையின் சாற்றில் ஒரு நாள் முழுவதும் வளராமல் கிடக்கிறது. வேறு மரபணு சேர்க்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சைமோமோனாஸ் மொபிலிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து பெற்ற இரண்டு மரபணுக்கள், சர்க்கரை சிதையும்போது உண்டாகும் பைருவேட்டை அசிட்டால்டிஹைடாகவும் அதனை எத்தனாலாகவும் மாற்றும் என்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்கிராம் குழுவினர் 1987-லேயே காட்டிவிட்டனர். உங்கள் பாக்டீரியா தூய சர்க்கரையில் நொதிப்பதால், அந்தப் பாதையில் குறை இல்லை.

தடை பெரும்பாலும் சாற்றில்தான் இருக்கும். சூட்டிலும் அமிலத்திலும், சக்கையிலிருந்து வரும் சைலோஸ் என்னும் சர்க்கரையின் ஒரு பகுதி நீரிழந்து ஃபர்ஃப்யூராலாகிறது. கலனைத் திறந்ததும் எழும் வாதுமை மணம் அதனுடையதே. பாக்டீரியா இந்த நஞ்சை ஒடுக்கி (அதாவது எலக்ட்ரான் கொடுத்து) ஆல்கஹாலாக்க முயலும்போது, செல்லைக் கட்டமைக்கத் தேவையான எலக்ட்ரான்களைத் தரும் என்ஏடிபிஎச் மூலக்கூறைச் செலவழித்துவிடுகிறது. ஆகவே ஃபர்ஃப்யூரால் தீரும்வரை வளர்ச்சி நிற்கிறது, பிறகு தானாகத் தொடங்குகிறது. நீண்ட தயக்கத்திற்குப் பின் இயல்பான வளர்ச்சி தெரிந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள். தூய சர்க்கரை ஊடகத்தில் லிட்டருக்கு 1 கிராம் ஃபர்ஃப்யூரால் சேர்த்து, சேர்க்காத குடுவையுடன் ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

தொடக்கம் முதல் இறுதிவரை வளர்ச்சி மந்தமாகவே இருந்தால், தாவரச் செல்சுவரிலுள்ள ஹெமிசெல்லுலோஸிலிருந்து பிரியும் அசிட்டிக் அமிலத்தைக் கவனியுங்கள். பிஎச் 4.76-இல் அதன் பாதி அயனியாகாமல் இருந்து செல் சவ்வினூடே எளிதில் நுழைகிறது, பிஎச் 6.8-இல் அவ்வாறு இருப்பது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. எனவே பிஎச் அளவு இறங்காமல் நொதித்தல் முழுவதும் காத்துவருவது, செலவு குறைந்த பயனுள்ள வழி.

ஃபர்ஃப்யூராலைக் குறைக்க, வெதுவெதுப்பான சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து பிஎச்-ஐ 10 வரை உயர்த்தி, வடிகட்டி, மீண்டும் இறக்கலாம். அளவு மீறினால் சர்க்கரையும் அழியும் என்பதால் முன்னும் பின்னும் சர்க்கரையை அளந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் கூடுதலான பாக்டீரியாவை இடுவதும் தயக்கத்தைக் குறைக்கும்.

இவற்றுக்குப் பின்னும் தயக்கம் நீடித்தால், ஃபர்ஃப்யூராலை ஒடுக்க என்ஏடிபிஎச்-ஐச் செலவிடும் ஒய்.க்யூ.எச்.டி மரபணுவை நீக்கிப் பாருங்கள். குளுக்கோஸ் தீரும்வரை சைலோஸ் தொடப்படாமல் இருப்பது வேறு சிக்கல். சைலோஸ் பயன்பாட்டைக் குளுக்கோஸ் தடுப்பதைத் தளர்த்த பி.டி.எஸ்.ஜி மரபணுவை நீக்குவது அதற்கான வழிகளில் ஒன்று.