தொட்டு எழுப்ப வேண்டாம்

நீங்கள் கவனித்துக்கொள்ளும் பெரியவர் காலை இன்சுலினுக்கு எழுப்பும்போது கையை ஓங்குகிறார் என்றால், இனி தோளைத் தொடாதீர்கள். விளக்கைப் போட்டுவிட்டு, கால்மாட்டில் கை எட்டாத தூரத்தில் நின்று கூப்பிடுங்கள். கண் திறந்து உங்களைப் பார்த்த பிறகு கிட்டே போங்கள்.

1971 போரில் பீரங்கிப் படையில் இருந்தவர் என்கிறீர்கள். போர் நினைவும் இருக்கலாம். எனக்கு முதல் சந்தேகம் காதுதான்: நீங்கள் கூப்பிடுவது கேட்காமல், தொட்டதும் திடுக்கிடலாம். பீரங்கிச் சத்தம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான் முதலில் கெடுக்கும், கீச்சுக் குரல் பிடிபடாது. பகலில் வாயை மறைத்துக்கொண்டு ஏதாவது கேட்டுப் பாருங்கள். சம்பந்தமில்லாத பதில் வந்தால் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் காதைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள்.

ஆனால் இப்படிக் கை ஓங்குவது நான்கைந்து நாளாகத்தான் என்றால் கதையே வேறு. சிறுநீர்த் தொற்றால் வரும் குழப்பமாக இருக்கலாம், டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். அப்புறம், ஊசிக்கு முன் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் அந்த வேளை இன்சுலினைப் போடாமல், விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.