பழைய தோழரின் செய்திக்குப் பதில் எழுதலாமா?

சகோதரி, அவர் ஆறாம் வகுப்பிலிருந்து உங்களுடன் படித்த தோழர், 19 வயதில் உங்கள் காதலர், பிரிந்து 15 ஆண்டுகள். இப்போது தன் தந்தை இறந்த செய்தியை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். அதைப் படித்து அழுதது கணவருக்குச் செய்த துரோகமா என்று கேட்கிறீர்கள். இல்லை, நிச்சயமாக இல்லை.

அந்தப் பெரியவரை நீங்களும் அப்பா என்றே அழைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகையில் பெரும்பங்கு அவருக்கானது. நெடுநாள் நண்பரைக் காதலித்துப் பிரிகிறவர்களுக்கு இழப்பு இரட்டிப்பு. காதலர் போகிறார், அந்த வலியைச் சொல்லி அழ வேறு யாரைத் தேடியிருப்போமோ, அந்த நண்பரும் அவரோடு போய்விடுகிறார். நம் பிள்ளைப் பருவத்தை அருகிலிருந்து பார்த்த ஒருவர் இல்லாமல் போவதை யாரும் துக்கமாக மதிப்பதில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 முதல் 30 வயதுவரை நடந்தவையே மிகுதியாக வருகின்றன என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்தத் தோழரின் குரல்கூட நினைவிருக்கிறது என்பதாலேயே இன்னும் காதலிக்கிறீர்கள் என்று பொருளாகாது.

பதில் எழுதுங்கள். அவர் தந்தையைப் பற்றி மட்டும், மனம் திறந்து எழுதுங்கள். அனுப்பும் முன் கணவரிடம் சொல்லிவிடுங்கள். தோழர் பழைய பிரிவைப் பேசத் தொடங்கினால், இப்போது வேண்டாம் என்று கனிவாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.