கிளியா, மயிலா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் அம்மாவின் ஊசி, நூல் இருந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பெரியம்மா வீடு ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட ஒரு கிராஸ் ஸ்டிச் படம் மாட்டியிருக்கும், பெருக்கல் குறி மாதிரி தையல் போட்டு வருவது. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் பெரியம்மாவே மேட்டித் துணியில், அதாவது கட்டம் கட்டமாக நெய்த துணியில், போட்டது. நடுவில் பூக்கூடை, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி கிளிகள், மேலே திராட்சைக் கொடி. வீட்டை விற்றபோது அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. வருகிற தை மாதம் பெரியம்மாவுக்கு 80 வயது முடிகிறது. அதே படத்தைத் தைத்துக் கொடுக்க ஆசை. இணையத்தில் தேடினால் ஆயிரம் கிளி வருகிறது, அந்தக் கிளி வரவில்லை. தங்கையோ அது கிளியே இல்லை, மயில் என்கிறாள். என்ன செய்யலாம்? பெரியம்மாவுக்கு இப்போதே தெரிந்துவிடக் கூடாது.

ச., கோவை

அன்புள்ள ச.,

முதலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தை வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தது, ஒற்றை மான். அதுவும் தொலைந்துபோனது. கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவின் பின்னணியில் அது தெரிந்தது. ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, கட்டம் கட்டமாக எண்ணி, மூன்று மாதம் உட்கார்ந்து தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. மான் ஏன்டி திரும்பி நிக்குது?" என்றார். வீட்டுக்கு வந்து ஆல்பத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் இருந்தது சுவர் இல்லை, பீரோக் கண்ணாடி. மானுக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரில் எண்களெல்லாம் இடம்வலமாக மாறித்தான் கிடந்தன. மானையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் காலண்டர் எங்கே தெரியும்?

உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. எதிரெதிர்க் கிளிகளைக் கண்ணாடியில் பார்த்தாலும் எதிரெதிர்க் கிளிகள்தான். இன்னொரு லாபமும் உண்டு. ஒரு கிளியும் பாதிக் கூடையும் கிடைத்தால் போதும், மீதியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கூடையின் நடுவில் வருவது ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா என்று மட்டும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அதில் தப்பினால் திராட்சைக் கொடி உச்சியில் வந்து சேரும்போது ஒரு கட்டம் இடிக்கும்.

சரி, அந்தப் பாதியை எங்கே பிடிப்பது? இணையத்தில் ஆயிரம் கிளி வருவதில் ஆச்சரியம் இல்லை. நடுவில் ஒரு செடியோ கூடையோ வைத்து இரண்டு பக்கமும் பறவையை நிறுத்துவது ஐரோப்பியத் தையலில் பல நூற்றாண்டுப் பழக்கம். தையல் மாதிரிகளை அச்சடித்துப் புத்தகமாக விற்பதே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1520-களில் தொடங்கிவிட்டது. ஆனால் பெரியம்மா கைக்கு வந்தது தையல் வகுப்பு வழியாக. பெரியம்மாவின் ஊர்ப் பக்கத்தில் ஊசி வேலைக்குப் பழைய வேர் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது 1820 வாக்கில். அவருடைய மகள் எலைசாதான் கால்டுவெல்லின் மனைவி. இடையன்குடியில் அதே வேலையைத் தொடங்கியவர் எலைசா.

தையல் வகுப்பு என்றால் என்ன நடந்திருக்கும்? என் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். டீச்சரிடம் இருந்தது ஒரே ஒரு தாள். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டோம். ஒரு வகுப்பு முழுக்க ஒரே முயல். பெரியம்மாவின் கிளிக்கும் அப்படிக் கூடப்பிறந்த கிளிகள் இருக்கும். யாரோ ஒருவர் வீட்டுச் சுவரிலோ, டிரங்குப் பெட்டியின் அடியிலோ ஒன்று கிடக்கலாம். அதனால் பெரியம்மாவோடு படித்தவர்களை முதலில் விசாரியுங்கள். படம் கிடைத்தால், கெஞ்சியாவது சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். சின்ன ஆணிகளைக் கழற்றி, பழுப்புக் காகிதத்தை உரித்தால் துணியின் முதுகு தெரியும். முன்பக்கம் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போயிருக்கும். பின்பக்கத்து முடிச்சுகளில் அந்தக் காலத்து நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பெரியம்மாவிடமே கேட்கவும் ஒரு வழி உண்டு. "அந்தப் படத்தில் என்ன இருந்தது?" என்று கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். இரண்டு அன்னப்பறவை இருக்கும் ஏதாவது ஒரு படத்தை போனில் காட்டி, "உங்க வீட்டுல இருந்தது இதுதானே?" என்று தப்பாகச் சொல்லுங்கள். "அன்னமா? போடி" என்று தொடங்கி, மூக்கு எந்த நிறம், வால் எந்தப் பக்கம் வளைந்தது என்பதுவரை வந்துவிடும். தங்கையைத் திட்ட வேண்டாம். கட்டத் தையலில் கிளிக்கும் மயிலுக்கும் உள்ள வித்தியாசம் மூக்கில் இரண்டு சிவப்புக் கட்டம், தலையில் மூன்று கொண்டைக் கட்டம், அவ்வளவுதான்.

யாரும் கிடைக்காவிட்டால் ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி என்று ஒரு தளம் இருக்கிறது, பழைய மாதிரிப் புத்தகங்களை இலவசமாக வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் கிராஸ் ஸ்டிச்சோடு நிறுத்தாமல் குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், புத்தகங்களையும் புரட்டுங்கள். கட்டத்தில் வரும் குரோஷா மாதிரிகள் ஒரே நிறத்தில்தான் இருக்கும், ஆனால் அதே கட்டத்தை அப்படியே கிராஸ் ஸ்டிச்சாகப் போடலாம். என் சித்தி போட்ட ரோஜாக்களில் பாதி குரோஷா புத்தகத்திலிருந்து வந்தவை. நிறம் அவர் இஷ்டம்.

துணி வாங்கும் முன் ஒரு கணக்கு. பழைய படம் 12 அங்குல அகலம், துணியில் அங்குலத்துக்கு 11 கட்டம் என்றால் குறுக்கே 132 தையல். அதையே நீங்கள் 14 கட்டத் துணியில் போட்டால் படம் ஒன்பதரை அங்குலமாகச் சுருங்கிவிடும். பெரியம்மாவுக்கு அது பொம்மை மாதிரித் தெரியும். 11 கட்டத் துணியே வாங்குங்கள், நூலில் இருக்கும் ஆறு இழையில் மூன்றைப் பிரித்துத் தையுங்கள். எண்பது வயதுக் கண்ணுக்கும் அது நல்லது. நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், அடுத்த மாதம் போனால் அதே நம்பர் பச்சை லேசாக வேறு பச்சையாக இருக்கும். சிவப்பு நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் வேண்டாம்.

துணி வெறுமையாக விடும் இடம் போக, சுமார் 5,000 தையல் வரும். நிதானமாகப் போனால் மணிக்கு நூறு. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 50 நாள். தைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, ஆனால் சட்டம் போடும் கடைக்காரருக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். துணியின் ஓரத்தில் நாலு பக்கமும் மூன்று விரல் அகலம் விடுங்கள். எனக்கு ஒருவர் ஓரத்தை வெட்டி, மானின் குளம்பையும் சேர்த்து வெட்டிவிட்டார்.

பெரியம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கிளிதான் என்பது என் கட்சி. தங்கையிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அக்கா